நேற்றைய கணக்கு

நேற்று கண் விழித்ததிலிருந்து
கண் மூடும்வரை
வாய்க்குள் போனதையெல்லாம் சொல்லுங்கள்.
இதைக் கேட்கத்தான் எனக்குச் சம்பளம்.
புவெர்த்தோ மோன்ட்டில் மழை யாரையும் கேட்டு வருவதில்லை.
படிவத்தை பிளாஸ்டிக் உறைக்குள் திணித்துக்கொண்டு
மேட்டுத்தெரு ஏறுகிறேன்.

எர்சீலியா முந்திக்கொண்டாள்:
"எங்கள் வீட்டில் சர்க்கரையே கிடையாது."
சாட்சிக்கு டப்பாவைத் திறந்து காட்டினாள்.
உள்ளே சட்டைப் பொத்தான்கள், ஒரு ஊக்கு,
மடங்கிய பஸ் டிக்கெட்.
கணவனுக்கு டாக்டர் சீட்டு எழுதிய நாளிலிருந்து
அப்படித்தானாம்.

ரொட்டி என்றாள். முட்டை. பாதி அவகாடோ.
எழுதினேன்.
தின்றதை மக்கள் ஒழுங்காகச் சொல்லிவிடுவார்கள்.
குடித்தது மட்டும் தொண்டை தாண்டியதும்
தண்ணீர்க் கணக்கில் கரைந்துபோகும்.
ஆகவே இரண்டாம் தடவை கேட்க வேண்டும்,
விதி அப்படி.

ரொட்டியோடு என்ன?
கெச்சப், கொஞ்சம்.
அவள் விரலால் காட்டிய கொஞ்சம்
என் படப்புத்தகத்தில் நான்காவது கரண்டி, மேடு கட்டியது.
பிறகு?
தயிர், ஸ்ட்ராபெரி படம் போட்டது.
பிறகு?
இருமலுக்கு சிரப்.
பையன் என்ன குடித்தான்?

அவள் கதவைப் பார்த்தாள்.
கதவுக்குப் பின்னால்
கடைக்குத் திரும்பக் காத்திருக்கும் பெரிய பாட்டில்கள்,
மூன்று.

நவேலுக்கு ஒன்பது வயது.
பிஸ்கட் உறை, சீரியல் பெட்டி, காய்ச்சிய பால் இனிப்பு எல்லாவற்றிலும்
அரசாங்கம் அச்சடித்த கறுப்பு எண்கோணங்களை
கத்தரித்துக் கத்தரித்து
ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறான்.
எச்சரிக்கை என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லையா?
சொன்னார்கள்.
அதனால்தான் அவை போலீஸ் பேட்ஜ்களாம்.
நூறு சேர்ந்தால் அவன் கேப்டன்.

அம்மாவுக்கு சாமன் மீன் ஆலையில் இரவு ஷிப்ட்.
அப்பா லாரியில், தெற்கே.
மர வீடு, விறகு அடுப்பு.
"என்ன ஆனாலும் அடுப்பைத் தொடாதே" என்பதுதான்
பூட்டுக்கு முன் அவள் சொல்லும் கடைசி வாக்கியம்.
அடுப்பைத் தொடாமல் கிடைப்பதையெல்லாம்
அவன் தின்கிறான், குடிக்கிறான்.
சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை.

எங்கிருந்து பெறப்பட்டது, என்கிறது படிவம்.
கடை, பள்ளி, உணவகம், பிற.
கடை என்று டிக் செய்தேன்.
பேனா கொஞ்ச நேரம்
'பிற' மேல் நின்றது, மை ஒரு புள்ளி வைத்தது.
சந்தியாகோவில் அதை அழுக்கென்று துடைப்பார்கள்.

கிளம்பும்போது டீ வந்தது, கறுப்பாக, கொதிக்கக் கொதிக்க.
ஏப்ரன் பையிலிருந்து
இரண்டு காகிதப் பொட்டலம் எடுத்தாள்:
"ஆலை கேன்டீனுடையது. எங்களுடையதில்லை."
விருந்தாளிக்காக வைத்திருந்தாளாம்.

இரண்டையும் கிழித்துக் கொட்டினேன்.
மழையில் இறங்குகையில்
நாக்கில் இன்னும் இருந்தது.
என் நேற்றை
யாரும் கேட்க வருவதில்லை.