வரவேற்கிறோம்

இருபதுக்குப் பத்து பிளக்ஸ். சதுர அடி ஒன்பது ரூபாய்.
செல்லக்கனி மேடம் வாட்ஸப்பில் அனுப்பிய வரியில்
'ஆஸ்திரோனேசிய' என்று சரியாகத்தான் இருந்தது.
என் விரல் அதை 'ஆஸ்திரேலிய' ஆக்கிவிட்டது.
ராத்திரி பன்னிரண்டுக்கு விரலுக்குத் தெரிந்த நாடு அதுதான்,
கிரிக்கெட் பார்த்து வளர்ந்த விரல்.

விடியுமுன் கல்லூரி வாசலில் கட்டியாயிற்று.
எதிர் டீக்கடையில் ஒருவர்,
'என்னவே, பாளையங்கோட்டையில டெஸ்ட் மேட்சா?'
மேடம் போனில் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
'சொரிமுத்து, மடகாஸ்கர்லருந்து ஈஸ்டர் தீவு வரைக்கும்
பாதி உலகத்தக் கங்காருவாக்கிட்டீங்க.'

மூன்றெழுத்து இருந்த இடத்தில்
நான்கெழுத்தை நெருக்கி ஒட்ட ஏணியில் நிற்கிறேன்.
கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்
கழுத்தில் 'வுலாதியானா' தொங்கும் ஒருத்தி.
அந்த அட்டையும் நான் அடித்ததே.
மதுரையில் ஆறு மாதம் படித்த தமிழ்; அதில்
ஒரு எழுத்தும் விழுங்காமல் கேட்டாள்:
'கடைசி வரியில் வரவேற்கிறோம் என்று உள்ளது.
அந்த ஓம், நாமா? நாங்களா?'

அவள் மொழியில் இரண்டும் உண்டாம்.
எதிரே நிற்பவரைச் சேர்த்துக்கொண்டால் இசிக்கா,
வெளியே நிறுத்தினால் இஸஹாய்.
மலாய்க்காரர்களுக்கு கித்தா, காமி.
இங்கிலீஷ்காரனுக்கு ஒன்றே ஒன்று,
யாரை விட்டுவிட்டோம் என்று சொல்லாமலே பேசிவிடலாம்.

'வரவேற்கிறது நாங்க, வர்றது நீங்க,
அப்போ நாங்கதான்' என்றேன்.
'எழுத்தில் அது இல்லையே' என்றாள்.
இல்லைதான்.
பன்னிரண்டு வருஷமாக அடிக்கிறேன்,
காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி,
அழைக்கிறோம், வாழ்த்துகிறோம், வருந்துகிறோம்.
அந்த வால் இரண்டு பக்கமும் ஆடும் என்று
இன்றுதான் தெரிகிறது, ஏணி உச்சியில், பசைக் கையோடு.

மத்தியானம் புரொஜக்டருக்கு வயர் கொடுக்கப் போனவன்
கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டேன்.
சூரியனுக்கு அங்கே 'நாளின் கண்' என்று பெயராம்.
வெளியே சித்திரை.
இமைக்காத கண் என்று திருத்தலாம்.

இரண்டாம் நாள் இரவு, சொற்பட்டியல் ஒன்றைப்
பெரிதாக அச்செடுக்க வந்து கடை ஸ்டூலில் இருந்தாள்.
கொடை போர்டுக்கு ஒரு அண்ணாச்சி வந்தார்.
படம் கொடுத்தார். பட்டம், அடைமொழி சொன்னார்.
சுவரில் காலண்டரைப் பார்த்தார்,
என் மணிக்கட்டில் கயிறு தேடினார்,
கிடைக்காமல் வாயால் கேட்டார்:
'தம்பி நம்மாளா?'

பஸ்ஸில், வாடகை வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில்
கேட்டுக் கேட்டுத் தேய்ந்த கேள்வி.
வழக்கம்போல மவுஸை நகர்த்தினேன்.
'எழுத்து மஞ்சளா வேணுமா, செவப்பா?'

அவர் போனதும் அவள்:
'அவர் சொன்னது இசிக்காதானே?
உங்களையும் சேர்க்கும் சொல்தானே?
பிறகு ஏன் நிறம் கேட்டீர்கள்?'

சொன்னேன்.
அச்சு மெஷின் இரைச்சலில் பாதி, சைகையில் பாதி.
சேர்த்துக்கொள்கிற சொல்லை வைத்தே
வாசலில் சோதனை போடும் ஊர் இது என்று.
நோட்டைத் திறந்தாள். எதுவும் எழுதவில்லை.
'எங்கள் மேட்டு நிலத்தில் கேட்க மாட்டார்கள்,
முடியைப் பார்ப்பார்கள்' என்று
தன் சுருள் ஒன்றை இழுத்துவிட்டாள்.
அது திரும்ப இடத்துக்கு ஓடியது.

முருகன்குறிச்சியில் புரோட்டா. சால்னா காரத்தில்
அவளுடைய மொழியியல் மூக்கு வழியாக இறங்கியது.
'பில்லு சேத்தா, தனியாண்ணே?' என்றான் பையன்.
வாய் தானாக 'தனியா' என்றது.
அவள் ஏதோ சொல்ல வந்து தண்ணீர் குடித்தாள்.

மாநாடு முடிந்து ஐந்து வாரம்.
பிளக்ஸ் இப்போது சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூரை;
ஒட்டிய நான்கெழுத்து உரிந்து
அடியில் கங்காரு எட்டிப் பார்க்கிறது.
ஆயிரத்து எண்ணூறு பாக்கி.
மேடம் நேற்று மெசேஜ் போட்டிருந்தார்:
'விரைவில் அனுப்பிவைக்கிறோம்.'

இந்த ஓமில் மட்டும்
எனக்குச் சந்தேகமே இல்லை.