ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு

மேயோ மாவட்டம், விளையாட்டரங்கு, காலை ஒன்பது.
கூடைப்பந்து வளையத்துக்கு நேர் கீழே என் மேசை.
மற்ற நாளில் நான் வங்கிக் காசாளர்;
நோட்டு எண்ணிப் பழகிய விரல் என்று கூப்பிட்டார்கள்.
கண்டதை வெளியே சொல்வதில்லையென
வியாழக்கிழமையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பெட்டியைக் கவிழ்த்தோம்.
ஈரக் கோட்டு வாசனையோடு சீட்டுகள்.
தடுப்புக்கு அப்பால் கட்சிக்காரர்கள்,
அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறவர்கள் மாதிரி.
தலைகீழாய் வாசிப்பதில் தேர்ந்த கூட்டம்;
நான் பிரித்து முடிக்குமுன்
அவர்கள் தாளில் ஒரு கோடு விழுந்துவிடும்.

பதினொரு மணி வாக்கில் அது வந்தது.
எட்டாய் மடித்த சீட்டு,
மருந்துப் பொட்டலம் போல.
பதினான்கு பேரில் ஏழு பேருக்கு மட்டும் எண்.
ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு.

ஒன்று, கோல்மன் மன்னெலிக்கு.
மூடிய ரயில் பாதையைத் திறக்கச் சொல்லி
நான்காவது முறை நிற்கிறவர்.
நானூற்றுப் பன்னிரண்டு வாக்கு.
வேண்டியதோ பதினோராயிரத்து முந்நூற்று முப்பத்து நான்கு.
இரண்டாம் சுற்றில் ஒலிபெருக்கி அவரை வெளியேற்றியபோது
மனிதர் தன் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த ஊரில் ஆள் விழுந்தால் வாக்கு சாவதில்லை.
கூடு விட்டுக் கூடு பாயும்.
மரத்தடுப்பு வைத்த பெட்டிகளுக்கு நாங்கள் சொல்வதும்
புறாக்கூடு என்றுதான்.

இரண்டு, அட்ராக்டா பாடன். நான்காம் சுற்று வரை.
மூன்றாம் எண்காரி முதல் சுற்றிலேயே ஜெயித்தாயிற்று,
நிறைந்த குடத்தில் ஊற்ற மாட்டார்கள், தாண்டு.
நான்கு, மீசை அரும்பாத ஒயிஷீன்;
அவன் விழுந்த சுற்றில் அவன் அம்மா கைதட்டினாள்,
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
ஐந்தும் ஆறும் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் என் கைக்கே வந்தது, அந்த மடிப்பு.
தேய்த்து நீவிப் பார்த்தேன்.
படியவில்லை.

மறுநாள் இரவு, தேநீர் தீர்ந்து
வெறும் வெந்நீர் குடிக்கிற நேரம்.
ஐந்தாவது நாற்காலிக்கு இருவர் மிச்சம்.
ஏழு, ஃபெர்கல் ருவேன்.

குறுக்குக் கோடு போட்ட ஏழை
வெள்ளிதோறும் என் கண்ணாடிக்கு முன்னால் எழுதுகிற
ஒருவர் இருக்கிறார்.
அவருக்கும் ருவேனுக்கும் ஓர் எல்லைச் சுவர்,
பதினோரு வருஷ வழக்கு, தெருவில் முகம் பார்ப்பதில்லை.
அவர்தானா? தெரியாது.
தெரிந்தாலும் தெரியாது. வியாழக்கிழமை கையெழுத்து.

ஒன்பது வாக்கில் ருவேன்.
மறுபடி எண்ணுங்கள் என்றார் பிரோனா காரட்டி;
எண்ணினோம், ரப்பர் பட்டை அறுந்து கன்னத்தில் அடிக்க.
அதே ஒன்பது.
அந்தச் சீட்டில்
எட்டு என்று எழுதாமல் விட்ட பெயர்களில் பிரோனாவும் ஒன்று.
எட்டவில்லை, அவ்வளவுதான்.

ருவேனைத் தோளில் தூக்கினார்கள்.
தேவையான எண்ணைத் தொடாமலே ஜெயித்தவர்,
எதிரில் ஆள் தீர்ந்துபோனதால்.
மேலே போன வேகத்தில் வளையத்தில் தலை இடித்தது.
எத்தனை பேருடைய ஏழு அவர்,
எத்தனை பேருடைய வேறு வழியில்லை,
என்று யார் போய்ச் சொல்வது?
அந்த ஏழு மட்டும் வெறுப்பில் எழுதியதில்லை என்று
எனக்குத் தோன்றியது.
வெறுத்திருந்தால் ஆறோடு நிறுத்தியிருக்கலாமே.
பேனா இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது,
ஒரு கணம் நின்று,
கோடும் போட்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை.
குடையை உதறிவிட்டு வந்தார்.
"எண்ணிக்கை எப்படிப் போயிற்று?"
"நீளம்" என்றேன்.
"ம்" என்றார்.
செலானை நான்காய், பிறகு எட்டாய் மடித்து
இடுக்கு வழியாகத் தள்ளினார்.
எழுபது யூரோ.
பிரித்து, நீவி,
முத்திரை குத்தினேன்.