லிஃப்ட் நிற்காத மாடி

போன மார்ச்சில் முப்பதுக்கு இருபத்திரண்டு.
இந்த மார்ச்சிலும் முப்பதுக்கு இருபத்திரண்டு.
ஒன்றும் குறையவில்லையே என்று
நான் சிரித்துவிட்டேன்.
டாக்டர் நூராஸ்லினா சிரிக்கவில்லை.
கணினியைத் திருப்பி, படத்தைப் பெரிதாக்கினார்.
சுண்ணாம்பு அடித்தவன்
பிரஷ்ஷை உதறிவிட்டுப் போனதுபோல
மூளைக்குள் வெள்ளை வெள்ளையாய்.

இது சரிவு இல்லையாம், படியாம்.
தங்கா என்று மலாயில் சொல்லி
கையால் காற்றில் வெட்டிக் காட்டினார்.
ஒரே படியில் வருஷக்கணக்காய் நிற்கலாம்,
ஒரே ராத்திரியில் மூன்று இறங்கலாம்.

எப்போது என்று கேட்டேன்.
வயது, சர்க்கரை, பிரஷர்,
முன்பு வந்த அந்தச் சின்ன வாதம்,
நாலு மீட்டர் நடக்க எத்தனை வினாடி,
ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகத்தின் பேர்,
எல்லாவற்றையும் தட்டினார்.
இரண்டு வருஷத்துக்குள்
அறுபத்தெட்டு விழுக்காடு என்று வந்தது.
இவரைப் போல நூறு பேர் இருந்தால்
அதில் அறுபத்தெட்டுப் பேர், என்று விளக்கினார்.
இவரைப் போல நூறு பேரா!
ஒருத்தரோடு முப்பத்தொரு வருஷம்
நான் பட்டது அவருக்கு எங்கே தெரியும்.

மிருகங்கள் பதினான்கு சொன்னார் மரியசூசை.
நர்ஸ் ஒன்பதுதான் எழுதினாள்.
மற்ற ஐந்தும் பத்து கந்தோங்கில் ஓடிய குதிரைகளின் பேர்.
ரெட் சாம்பான், மிஸ்டர் டோபி,
எண்பத்தொன்பதில் எங்கள் பிரிட்ஜை
வாங்கித் தந்த மூன் கேக்.
குதிரை ஒரே மிருகம்தான் அங்கிள் என்றாள்.
பெர்ரியின் எஞ்சின் அறையில் காது போனவர்,
ஆனால் அது கேட்டுவிட்டது.
நீ எல்லாவற்றையும் ஒரே குதிரை என்றால்
உன்னோடு எப்படிம்மா பேசுவது?

மோட்டாரை எடுக்கும்போது சொன்னேன்,
அறுபத்தெட்டாம்.
புல் நனைந்திருந்ததா என்றார்.
என்ன புல்?
மழை பெய்த புல்லில் பேவரிட் தோற்கும்.
அறுபத்தெட்டுக்கு நான் காசு வைக்க மாட்டேன்.

அன்று முழுக்க அந்தப் பேச்சைத்
தின்றுகொண்டு திரிந்தேன்.

ஆனாலும் நோட்டு வாங்கினேன்,
டோட்டோ கடைக்குப் பக்கத்துக் கடையில், ஒரு வெள்ளி எண்பது காசு.
சட்டைப் பொத்தான் மாறிப் போட்டது.
டெலிபோன் பில்லை இரண்டு முறை கட்டியது.
(போன வருஷம் நானும் கட்டினேன். அதை எழுதவில்லை.)
என் தங்கையை என் அம்மா பேரால் கூப்பிட்டது.
கூப்பிட்டதும் தானே திருத்தியது.
திருத்தினால் பாதி மதிப்பெண் தரலாமா
என்று யாரைக் கேட்பது?

ராத்திரி அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.
இன்றைக்கா, இன்றைக்கா.
காலையில் கண் விழித்ததும்
இன்று என்ன கிழமை என்று
சும்மா கேட்பதுபோல் கேட்பேன்.
ஒரு நாள் சொன்னார்:
நீ என்னைப் பார்க்கிறதே இல்லை லூர்து,
கடிகாரம் பார்க்கிற மாதிரி பார்க்கிறாய்.

அதை நோட்டில் எழுதவில்லை.
எந்தப் பக்கம் எழுதுவது, கூடினதிலா குறைந்ததிலா.

எங்கள் பிளாக்கில் லிஃப்ட்
எல்லா மாடியிலும் நிற்காது.
ஒன்று, நாலு, ஏழு, பத்து.
ஒன்பதில் இருப்பவர்கள் பத்தில் இறங்கி
பதினாறு படி கீழே வரவேண்டும்.
இருபத்தேழு வருஷமாய் வருகிறோம்.

நேற்று ஏர் ஈத்தாம் பசாரிலிருந்து
கெம்புங் மீனோடு திரும்பியபோது
லிஃப்ட் திறந்தது, இறங்கினோம்.
படிக்கட்டு முன்னால் நின்றார்.
மேலே பார்த்தார். கீழே பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.

நான் சொல்லியிருக்கலாம்.
சொன்னால் அது கணக்கில் சேராது என்று
நின்றேன், பாவி.

அவர் மேலே ஏறினார்.
பிளாஸ்டிக் பையில் ஐஸ் உருகிச் சொட்ட
நானும் பின்னால் ஏறினேன்.
பதினொன்றில், நம் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே,
அதே இடத்தில் இருந்த அதே நிறக் கதவின் முன்
சாவியைத் தேடியவர்
வாசலில் கிடந்த சின்னப் பிள்ளையின்
மஞ்சள் செருப்புகளைப் பார்த்து நின்றார்.

யாரோ விருந்தாளி வந்திருக்காங்க போல, என்றார்.
மீன் போதுமா?

பைக்குள் பார்த்தேன். எட்டு மீன்.
போதும் என்றேன்.