வரப்பு

வருஷத்துக்கு ஒரு விரற்கடை.
மண்வெட்டி நுனியால் சீவிச் சீவி
வரப்பை எங்கள் பக்கம் தள்ளினான் சகிமான்.
அம்மாவுக்குத் தெரியும்.
அப்பாவின் சந்தூக்கில் ஒரு முனை
அவன் தோளில் இருந்தது;
பேசவில்லை.

செமாராங் நகரம்
எங்கள் மடைவரை வந்துவிட்டது.
நாற்றுக்கு நடுவே வீட்டுமனைக் கம்பெனிக் கொடி.
சதுர மீட்டர் எட்டு லட்சம் ரூபியா.

நாடாவை விரித்தவன்
"எல்லை எது?" என்றான்.
சகிமான் சேற்றில் கால் மாற்றி நின்றான்.
நான் வாய் திறந்தேன்.
அம்மா என் மணிக்கட்டை இறுக்கி
இப்போதிருக்கும் வரப்பைக் காட்டினாள்.

ராத்திரி அவன் வீட்டிலிருந்து
மூங்கில் பெட்டியில் சோறு,
அவித்த முட்டை, வறுத்த தெம்பே.

"நாற்பது சதுர மீட்டர்" என்றாள் அம்மா,
பிட்டு வாயில் போட்டு.
"உப்புக் குறைச்சல்."

பாதியை
என் பக்கம் தள்ளினாள்.