மூட்டக் காவல்

ராதாபுரத்துக்குத் தெற்கே, நம்பியாற்றுப் படுகையில்
ஐந்து நாளாய்ப் புகைகிறது எங்கள் கரிமூட்டம்.
தூங்கினால் போச்சு.
மண்பூச்சு ஒரு விரல் வெடித்தாலும்
காற்று உள்ளே போய்
நாலு டன் விறகும் விடிவதற்குள் சாம்பல்.
அதனால் பேசிக்கொண்டே இருப்போம்.
நேற்று ரேஷன் அரிசி. முந்தாநாள் பேய்.
இன்றைக்கு ராஜகனி ஆரம்பித்தான்,
மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டியாம்:
"அமெரிக்காவுலயே பெரிய ஆளு யாரு?
சொல்லுங்கவே, பாயிண்டு வேணும்."

லிங்கன் என்றார் ஞானதிரவியம், யோசிக்கவே இல்லை.
"அடிமைய எல்லாம் அவுத்துவிட்ட மனுசம்லா."
முப்பிடாதி வெற்றிலையை இடக்கன்னத்துக்கு ஒதுக்கினாள்.
"நல்லவருதான்.
மொதலாளிகிட்ட நான் வாங்கின முன்பணம்
முப்பத்தெட்டாயிரம் நிக்கி.
அவரு வருவாரான்னு கேட்டுச் சொல்லும்."

வெயிலுகந்தான் பல்புக்காரர் கட்சி.
பெயர் வாயில் நுழையவில்லை, ஆனாலும் விடமாட்டான்.
"வெளிச்சம் இல்லன்னா ஒங்க லிங்கன எவன் பாப்பான்?"
தூரத்துக் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாய் எரிந்தன, ஒன்றாய் அணைந்தன.
எங்களிடம் இருந்தது ஒரு டார்ச்சு,
அதுவும் தட்டினால்தான் எரியும்.

நான் அந்தக் குத்துச்சண்டைக்காரனைச் சொன்னேன்,
பட்டம் போனாலும் பட்டாளத்துக்கு வரமாட்டேன் என்றவனை.
யாருக்கும் அவனைத் தெரியவில்லை.
ஒரே ஓட்டு. அதுவும் எடைக்கணக்கு எழுதுகிறவன் ஓட்டு.

"எங்க அக்கா பேரன் டல்லாஸ்லதான் பொறந்தான்,
அவனும் கணக்குல உண்டா?"
"என்ன செஞ்சான்?"
ஞானதிரவியம் கொஞ்சம் யோசித்தார்.
"போன கிறிஸ்மஸுக்கு வந்து
மூணு நாளும் கொசு கடிக்குன்னு அழுதான்."
தள்ளுபடி செய்தோம்.

"அப்போ நிலாவுல கால் வச்சவன்" என்று
ராஜகனி மேலே கையை நீட்டினான்.
புகைக்கு அந்தப் பக்கம் மஞ்சளாய்க் கிடந்தது அது.
"கால் வச்சான், சரி" என்றாள் முப்பிடாதி,
"ஒரு மரம் வச்சானா?"

அப்போதுதான் வடக்கு மூலையில்
பூச்சு வாய்திறந்து உஸ்ஸென்று சீறியது.
லிங்கன், பல்பு, நிலா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினோம்.
வைக்கோல், ஈரமண், அதன்மேல் மறுபடி ஈரமண்.
கையாலேயே அப்பினோம்.
ராஜகனியின் இடப்புருவம் கருகிப்போனது.
அடங்க முக்கால் மணி.

திரும்பும்போது முப்பிடாதி நொண்டினாள்.
உட்கார்ந்து, டார்ச்சைத் தட்டி எரியவைத்து
குதிகாலிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினாள்,
நுனியில் ரத்தம்.
"சீமைக்கருவேலம்.
இதுவும் அந்தத் தேசத்துச் சரக்குதான்னு
காட்டிலாகா ஆபீசர் சொன்னாரு,
வேரோட பிடுங்கணும்னு வந்தப்போ.
எழுதிக்க, ஒம் மவளுக்கு.
விசா எடுக்கல, யாருட்டயும் கேக்கல.
வந்தான், நின்னான்.
கெணத்தக் குடிச்சான். ஆத்த மூடினான்.
வெட்டினா ஒத்த மழைக்கு மறுபடி நிக்கான்.
மானம் பொய்ச்ச வருசம் பூராவும்
எங்க அம்மைக்கும் எனக்கும் சோறு போட்டதும்
இந்தச் சவத்துமூதிதான்.
இவனவிடப் பெரிய ஆளு இருந்தா கூட்டிட்டு வா."

"அது மெக்சிகோ பக்கமுல்லா" என்றேன், மெதுவாக.
"அது எங்க இருக்கு?"
"அமெரிக்காவுக்குக் கீழ."
"வேலி உண்டா?"
"உண்டு."
"முள்ளுக்கா வேலி?" என்றாள்.
அந்த முள்ளை என் கணக்கு நோட்டின் அட்டையில்
குத்திவைத்தாள்.

"மரத்தப் பத்திப் பேசினா
டீச்சர் சிரிக்கமாட்டாவளா?"
ராஜகனி கருகிய புருவத்தைத் தடவிக்கொண்டே இருந்தான்.
யாரும் பதில் சொல்லவில்லை.
எனக்கு லிங்கனையும் விடமுடியவில்லை,
முப்பத்தெட்டாயிரத்தையும் விடமுடியவில்லை.

கிழக்கு வெளுத்தபோது
புகை வெள்ளையிலிருந்து நீலத்துக்கு மாறியிருந்தது.
உள்ளே கரி பழுத்துவிட்டது.
உட்கார்ந்தபடியே தூங்கியிருந்த வெயிலுகந்தான்
திடுக்கிட்டு விழித்தான்.
"அப்போ பல்புக்காரரு
தோத்துட்டாராவே?"