திரும்பிய நேரம்

மண்டபம், வடகடல் ஓரம், டோக்கன் அலுவலகம்.
கச்சான் அடிக்கிற மாதங்களில்
கணினிப் பெட்டியைத் திறந்தால்
திருகாணிகள் பச்சை பூத்திருக்கும்.
ஃபேன் உள்ளே இழுக்கும் காற்றில் பாதி உப்பு.

அதனால் இங்கே எதையும் நெடுநாள் வைப்பதில்லை.
முப்பது நாள் பிரதி மட்டும் கைக்கெட்டும் தூரத்தில்.
எவராவது தவறி அழித்துவிட்டுக்
கையைப் பிசைந்துகொண்டு வந்தால்
டீ ஆறுமுன் மீட்டுக் கொடுக்கலாம்.

மற்றதெல்லாம் பரமக்குடிக்கு.
கடல் எட்டாத ஊர். அங்கே ஒரு மாடியறையில்
எங்கள் இரண்டாம் கிடங்கு:
விலை மலிந்த, அவசரம் தெரியாத வட்டுகள்.
வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று,
மார்ச் முடிந்தால் ஆண்டுக்கு ஒன்று.
ஆண்டுப் பிரதிக்குப் பூட்டு உண்டு.
ஏழு வருடம் யாரும் தொட முடியாது,
நானே நினைத்தாலும்.
ஏழு முடிகிற இரவில் தானாக அழியும்.

"இதுக்கு வாடகை வேறயா?"
புதிதாக வரும் அதிகாரி எல்லாரும் கேட்பார்கள்.
ஒன்றும் நடக்காத நாளில்
அதற்குப் பதில் இருப்பதில்லை.

ஸ்தெல்லா வந்தது மார்ச் இருபது.
வக்கீல் கொடுத்த தாள் வியர்வையில் நைந்திருந்தது.
கணவர் இருதயராயன். படகில் நாலு பேர்.
ஏழு வருடமும் இரண்டு மாதமும்.
துறை அனுப்பிய பதிலில்
படகு திரும்பிவிட்டது,
அன்று மாலை ஆறு மணிக்கு.

எனக்குத் தெரியும் அந்த ஆறு மணி.
நாலு வருடம் முன்பு மென்பொருள் மாற்றினோம்.
புதியது காலிக் கட்டங்களை ஏற்க மறுத்தது.
எங்களில் ஒருவர், நானாகவும் இருக்கலாம்,
ஒரே கட்டளையில் நிரப்பினோம்.
நூற்றுப் பதினாறு படகுகள்
வெவ்வேறு மாதங்களிலிருந்து
மாலை ஆறு மணிக்குக் கரை சேர்ந்தன.
அநேகம் பேர் டோக்கனைத் திருப்பித்தர மறந்தவர்கள்.
அநேகம் பேர்.

அன்றிரவு முதல் அந்தப் பொய்யையும்
சிரத்தையாக நகலெடுத்தோம்.
முப்பது நாள், முப்பது பிரதி,
ஒன்றுக்கொன்று எழுத்துப் பிசகாமல்.

பரமக்குடிக்குப் போன் போட்டேன். வேல்சாமி
தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"இருக்குக்கா. ஆனா முப்பத்தொண்ணாந்தேதி ராத்திரி போயிரும்."

இரவெல்லாம் வந்தது.
நாற்பத்தொரு சதவீதத்தில் கரண்ட் போனது.
விட்ட இடத்திலிருந்து பிடித்தது.
விடியற்காலை சரிபார்ப்பு எண்
கடைசி இலக்கம் வரை பொருந்தியது.

டோக்கன் முன்னூற்று எண்பத்தெட்டு.
கிளம்பியது ஐந்து பத்து.
ஆட்கள் நாலு.
டீசல் இருநூற்றைம்பது லிட்டர்.
திரும்பிய நேரம்

அந்த வெள்ளைக் கட்டத்தைக் காட்டினேன்.
ஸ்தெல்லா அதைப் பார்க்கவில்லை.
"இருநூத்தம்பதா?" என்றாள்.
"முன்னூறுன்னுல்ல எங்கிட்ட காசு வாங்கிட்டுப் போனாரு."
கொஞ்ச நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்,
உள்ளறையில் இருப்பவருக்குக் கேட்கட்டும் என்பதுபோல.
பிறகு பிரின்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

ஏழைப் பதினைந்தாக்கக் கோரி
மேலே கடிதம் போட்டிருக்கிறேன்.
ஒரு டெராபைட்டுக்கு மாதம் எவ்வளவு,
அவசியம் என்ன,
ஒரே வரியில் தெரிவிக்கச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது.
ஒரு வரியில் சொல்ல வராமல்
இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.