மைக்கை அணைக்காதவர்

டிசம்பர் ஞாயிறு, காலை ஏழு.
மனிடோபாவின் ஆறாம் எண் சாலையோரம்
லாரியை நிறுத்தியிருக்கிறேன், எஞ்சினை அல்ல.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
அணைத்தால் டீசல் கூழாகிவிடும்.
பின்னால் தாம்ப்சன் ஊருக்குப் போக வேண்டிய
வெங்காயமும் குழந்தைகளின் டயப்பரும்.
கைப்பேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைக்கிறேன்.
ஒவ்வொரு சதுரமாக விளக்கேறுகிறது.

கென்யாவின் விஹிகாவில் மாலை நான்கு.
கிறிஸ்துமஸ் தையல் பாதியில் நிற்க
அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து
உட்கார்கிறாள் முசிம்பி.
நார்வேயின் வார்டோவில் பிற்பகல் இரண்டு, கும்மிருட்டு.
ஓட்மண்டின் ஜன்னலில்
அவர் முகமே இன்னொரு முறை தெரிகிறது.
டாஸ்மேனியாவில் ஞாயிறு முடிகிற நள்ளிரவு.
ஆப்பிள் தோட்டத்து க்ளெமன்ட்டின் சதுரம்
எப்போதும் கடைசியில்தான் வரும்.

இங்கே பாட்டில்லை, பிரசங்கமில்லை,
காணிக்கைத் தட்டு சுற்றி வராது.
ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறோம்.
உள்ளே தாங்காமல் ஒரு சொல் எழுந்தால் சொல்லலாம்.
பெரும்பாலும் எழுவதில்லை.

நான் வந்த கதை பெரிதில்லை.
எங்கள் ஊர் மாதா கோயிலின் கூம்பை இறக்கிவிட்டு
கட்டடத்தைப் பனிவண்டி விற்பவனுக்குக் கொடுத்தார்கள்.
என் கல்யாணமும் அதே வருஷம் முடிந்தது.
தூக்கம் வராத ஒரு ராத்திரி
எதையோ தேடி எதையோ அழுத்தி
இவர்கள் நடுவில் வந்து விழுந்தேன்.
'யார் நீ, ஒரிஸ்யா?' என்று யாரும் கேட்கவில்லை.

முதல் வாரம் எரிச்சல்.
எல்லோரும் மைக்கை அணைத்திருக்க
க்ளெமன்ட் மட்டும் அணைக்கவில்லை.
மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் எந்திரம்:
புஸ்... டக். புஸ்... டக்.
சொல்லித் தொலையுங்களேன் யாராவது
என்று பல்லைக் கடித்தேன்.
யாரும் சொல்லவில்லை.
மூன்றாம் வாரம் என் மூச்சு
என்னைக் கேட்காமல் அதனோடு சேர்ந்துகொண்டது.
ஏழாம் வாரம் பனிப்புயலில் முன்கண்ணாடி வெளுத்துப்போய்
சாலை இருக்கிறது என்ற நினைப்பில் மட்டும் ஓட்டியபோது
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனேன்:
புஸ்... டக்.
ஜெபம் என்பது இதுதானோ என்னவோ.

இன்று அவர் சதுரம் முதலிலேயே வந்துவிட்டது.
நாற்காலி இருக்கிறது.
கம்பளி நாலாக மடித்து அதன்மேல்.
மருமகன் குனிந்து கேமராவை நேராக்குகிறான்.
"புதன்கிழமை" என்கிறான்.
"ஞாயிறு இதைத் திறந்து வைக்கச் சொன்னார்.
எனக்கு இதிலெல்லாம் பழக்கமில்லை."

இத்தனை நாள் நாங்கள்
மௌனம் என்று நினைத்தது மௌனமே இல்லை.
இதுதான். இது தாங்கவில்லை.

நாலைந்து நிமிடம் கழித்து
முசிம்பி மைக்கைத் திறந்தாள்.
பேசப்போகிறாள் என்று நினைத்தேன்.
தகரக் கூரைமேல் மழை.
அவ்வளவுதான்.
ஓட்மண்ட் திறந்தார்: கடிகாரம், ஒரு செருமல்,
நாய் புரண்டு படுக்கிற சத்தம்.
லிமாவிலிருந்து முகமே காட்டாத ஒருவர்:
தெருவில் கேஸ் வண்டியின் மணி.
நானும் திறந்தேன்.
நானூற்றைம்பது குதிரைகளின் உறுமல்
கண்டம் கண்டமாகப் போனது.
முகம் சுளித்தவர் இல்லை.
பழக்கமில்லை என்றவனும் எழுந்து போகவில்லை.
நாற்காலிக் கையில் அவன் விரல் ஒன்று
கடைசிவரை தெரிந்தது.

எட்டு மணிக்குக் கையசைத்தோம்.

கடவுள் உண்டா என்று
இவர்கள் யாரிடமும் நான் கேட்டதில்லை.
க்ளெமன்ட்டோடு பேசியதே ஒருமுறைதான்.
டயருக்குப் போடும் சங்கிலி என்ன விலை என்று கேட்டார்.
சொன்னேன். அநியாயம் என்றார்.

போன்டன் தாண்டினால் சிக்னல் கிடையாது.
அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு
நான் அதையும் தாண்டி எங்கோ இருப்பேன்.
கைப்பேசி கறுப்பாகத்தான் சாய்ந்திருக்கும்.
நிறுத்துவேன்.